வாளி கவிழ்த்த அத்தி மரம்

சென்ற சனிக்கிழமை காலை நடந்த எங்கள் கோவில் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையின் தலைப்பக்கம், சுவாமி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சேர்மன் பிச்சுமணி. அவருக்கு வலக்கைப் பக்கம், லேப்டாப்போடு, கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஜெயபிரகாஷ். இடக்கைப் பக்கம், கும்பாபிஷேக மலரின் அச்சுப் பக்கங்களைப் பரப்பிக்கொண்டு ஷ்யாமளா. பிச்சுமணியின் மனைவி அனந்தலக்ஷ்மி கமிட்டியில் இல்லை. ஆனாலும் கேசரி டிரேக்குக் காவல்போல அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார். மே மாதத்திலும் குளிர் தாங்காத குருக்கள், ஓடாத ஹீட்டரின் ஓரத்தில். கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், நான். பெயர் கந்தசாமி. கமிட்டியில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு.

கூட்டத்தில் இல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பார்க்கிங் லாட்டின் மூலையில், பட்டுப்போன ஓர் அத்தி மரத்தின் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் பிலோமினா சாந்தோரோ. வயது எழுபத்தெட்டு. அவரை உள்ளே யாரும் கூப்பிடவில்லை. வெயிட் பண்ணச் சொல்லியிருந்தார்கள்.

கூட்டத்துக்கு இருந்தது ஒரே வேலை. அந்த மரம் எப்படிச் செத்தது என்று நகரசபையின் புராதனக் குழு கேட்டிருந்தது. பதில் போக வேண்டும். பதிலின் அடியில் என் கையெழுத்து வேண்டும். பதிலை ஜெயபிரகாஷ் தயாராகவே கொண்டுவந்திருந்தார். மரம் செத்ததற்குக் காரணம் பிலோமினா என்று அதில் எழுதியிருந்தது.

இது எவ்வளவு கேவலமான பொய் என்று தெரிய, மரத்தின் கதை தெரிய வேண்டும். வரிசையாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில். கோவில் எழும்பிக்கொண்டிருப்பது அங்கிருந்து அரைமணி நேர டிரைவில், ஆற்றங்கரையில் உள்ள ஒரு பழைய ஆலை நகரத்தில். நகரத்தின் பெயர் இங்கே வேண்டாம். கோவில் என்றதும் கோபுரத்தை நினைத்துக்கொள்ளக்கூடாது. மூடிப்போன ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர்தான் இப்போதைக்குக் கோவில். மூலவர் நிற்கப்போகும் இடத்தில் முன்பு மெத்தை விற்றார்கள். நாங்கள் கூட்டம் போடுவது செருப்புப் பிரிவில்; பாதத்தின் அளவு பார்க்கும் படம் ஒன்று இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஸ்டோருக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. கோவிலென்றால் தல வரலாறு வேண்டும், மலரில் நாலு பக்கம் ஒதுக்கியாயிற்று, நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சொன்னவர்கள் இதே கமிட்டிக்காரர்கள்தான். நான் கோபிச்செட்டிபாளையத்தில் போர்டு ஹைஸ்கூலில் படித்தவன். ஒரு ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் அந்த ஊரில் விசாரித்துத்தான் எழுதத் தெரியும். நகர நூலகத்தில் கேட்டேன். அங்கே கொடுத்த ஃபோன் நம்பரில் எடுத்தவர் பிலோமினா. ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ரிடயர் ஆனவர்.

"நீ மரத்தை வெட்டப்போற கோஷ்டியா, வெட்டாத கோஷ்டியா? முதல்ல அதைச் சொல்லு" என்றார். அவர் பேசுவது இங்கிலீஷ். அந்தக் குரலுக்கு எனக்குத் தெரிந்த தமிழ் இதுதான்.

கோடை முழுக்க அவரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பார்க்கிங் லாட் இருக்கும் இடத்துக்கு ஹாலோ என்று பெயராம். ஆற்றுப் பள்ளத்தில் ஆறு தெருக்கள். இத்தாலிக்காரர்கள், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள், நடுவில் சில போலந்துக் குடும்பங்கள். ஆண்களெல்லாம் சாயப்பட்டறைக்குப் போனார்கள். அன்றைக்கு ஆறு என்ன நிறமோ அந்த நிறத்துக் கையோடு வீடு திரும்பினார்கள். சாயத் தண்ணீர் ஓடும் நொய்யலைப் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்டோபரில் நிலவறைகளில் திராட்சை பிழிவார்கள். தெருவெல்லாம் புளித்த வாடை. ஆல்ஸ்டன் என்பவரின் சலூனுக்கு மாடியில் ஒரு சின்ன சர்ச். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பாட்டு ஒத்திகை தொடங்கினால் கீழே சவரக்கத்தி அப்படியே நிற்குமாம், பாதி முகம் நுரையோடு இருந்தாலும்.

"ரொம்ப அழகா இருந்துச்சுன்னு எழுதித் தொலைக்காதே. எலி உண்டு. மூணு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். என் தம்பியோட காதை எலி கடிச்சிருக்கு. அதையும் எழுது."

எழுதிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நகரத்துக்குப் புதுமோகம் பிடித்தது. அட்டையும் பென்சிலுமாக நகரசபை ஆட்கள் வந்தார்கள். வீடு வீடாக மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார்கள். பழைய கட்டடம், அழுகிய மரச்சட்டம், நோய் பரப்பும் இடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பழுது பார்த்துத் தருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 1959-இல் கிரேனில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு இடிக்க ஆரம்பித்தார்கள். நகரத்தின் மேட்டுப் பக்கத்திலிருந்து ஜனங்கள் மடக்கு நாற்காலியும் சாண்ட்விச்சுமாக வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களாம். சாந்தோரோ வீட்டின் முன்சுவர் விழுந்ததும் அடுக்களைச் சுவர் தெருவுக்குத் தெரிந்தது. அடுப்புக்கு மேலே பதினைந்து வருஷத்து எண்ணெய்க் கறை. பிலோமினாவின் அம்மா ஓடிப்போய் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்து அதை மறைக்கப் பார்த்தார். நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள்.

"வீடு போனதுக்கு அம்மா அழலை. அந்தக் கறையைப் பார்த்துட்டாங்களேன்னுதான் சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா" என்றார் பிலோமினா.

மிஞ்சியது அத்தி மரம் ஒன்றுதான். அவருடைய அப்பா கொல்லைக்கோடியில் நட்டது. புது வேலி அந்த மூலையில் வளைந்துபோனதால் தப்பித்தது. இத்தாலியச் சூட்டுக்குப் பழகிய மரம். நியூ ஜெர்சி குளிரைத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு நவம்பரிலும் கிளைகளை ஒன்றுசேர்த்துக் கயிற்றால் கட்டி, சாக்குச் சுற்றி, மேலே தார்க்காகிதம் சுற்றி, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். ஏப்ரலில்தான் பிரிக்கலாம். இந்தப் பக்கத்து இத்தாலிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அவருடைய அப்பா வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் வருஷா வருஷம் வந்து கட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பிறகு பிலோமினா. ஸ்டோர் வந்தது, ஸ்டோர் மூடியது, லாட்டில் புல் முளைத்தது. மரம் காய்த்துக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு இடத்தை விற்றபோது நகரசபை ஒரு நிபந்தனை போட்டது: ஹாலோவின் நினைவாக இந்த மரம் நிற்க வேண்டும், பிலோமினா வந்துபோகத் தடை கூடாது.

செப்டம்பரில் ஒரு கூடைப் பழம் கொண்டுவந்து கமிட்டிக்குக் கொடுத்தார். பிச்சுமணி ஒன்றைப் பிட்டுப் பார்த்தார்.

"அத்தி! சார், இது அத்தி மரமா? நம்மாத்து வாசல்லயே தல விருட்சம் நின்னுண்டிருக்கு, நமக்குத் தெரியலையே!"

"இது சீமை அத்திங்க. நம்மூர் அத்தி வேற" என்றேன்.

"அத்தின்னா அத்திதான் சார். பகவானுக்கு வீசா வேணுமா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் ஷ்யாமளா எழுதிய தல வரலாறு வந்தது. ஆதியில் இவ்விடம் மனித வாசமற்ற ஆற்றங்கரை வனமாக இருந்ததாம். விதைப்பாரின்றி ஓர் அத்தி சுயம்புவாகத் தோன்றியதாம். ஒரு பக்தரின் கனவில் வந்து அழைத்ததாம். கனவு கண்ட பக்தர் பிச்சுமணிதான் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நான் எழுதிக்கொடுத்த ஆறு தெருவில் ஒரு தெருகூட அதில் இல்லை. ஆல்ஸ்டன் இல்லை, எலி இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. மனித வாசமற்ற வனம்! நகரசபைக்காரன்கூட அங்கே மனிதர்கள் அழுக்காக இருந்தார்கள் என்றுதான் எழுதினான். இருந்ததே இல்லை என்று எழுதவில்லை.

நவம்பரில் பிலோமினாவோடு சேர்ந்து மரத்தைக் கட்டினேன். டிசம்பரில் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போகுமுன் அவருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன்: ஏப்ரல் வரை கட்டை யாரும் தொடமாட்டார்கள், இது கமிட்டியின் உறுதி என்று. பிச்சுமணியிடம் காட்டித்தான் அனுப்பினேன். பேஷ் என்றார்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் லாட்டைச் சுற்றிவந்த அனந்தலக்ஷ்மி அந்தக் கறுப்புத் தார்க்காகிதத்தையும் வாளியையும் பார்த்திருக்கிறார். "தல விருட்சத்தைப் பொணம் மாதிரி கட்டி வெச்சிருக்கேளே, கறுப்புத் துணியில! தலையில பக்கெட்டு வேற!" என்று பதறியிருக்கிறார். பூசத்தன்று கட்டைப் பிரித்தார்கள். வாளியைக் குப்பையில் போட்டார்கள். ஈரமும் குளிருமாக நின்ற மரத்துக்கு வேத கோஷத்தோடு அபிஷேகம். பால் கேலன் கேலனாக. தயிர், தேன், பஞ்சாமிர்தம், இளநீர், சந்தனம், கடைசியில் ஹோஸ் பைப்பில் தண்ணீர். மஞ்சள் பட்டைச் சுற்றிவிட்டு எல்லோரும் காருக்குள் ஓடி ஹீட்டரைப் போட்டுக்கொண்டார்கள். அன்று இரவு பத்து டிகிரி ஃபாரன்ஹீட், உறைநிலைக்கு வெகு கீழே.

விடிந்தபோது பால் மரத்தின் காலடியில் உறைந்து வெள்ளையாக ஒரு மேடு. யாரோ ஒருவர் அதைப் பார்த்துப் பனிலிங்கம் என்றார். அவ்வளவுதான். வெகு தூரத்து வெஸ்ட் வின்ட்சரிலிருந்தெல்லாம் கார்கள் வந்தன. கோபியில் என் ஃபோனுக்குப் படம் வந்தது: பிளாஸ்டிக் பால் கேனின் மூடி ஒன்று உள்ளே உறைந்து நிற்க, அந்த வெள்ளை மேட்டின் முன் ஜாக்கெட்டும் குல்லாவுமாக ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் அந்த மரம், பட்டுத்துணி விறைத்துப்போய் நின்றது. மரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

மார்ச்சில் நான் திரும்பி வந்தபோது லிங்கம் உருகிவிட்டிருந்தது. உருகினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. லாட்டுக்குள் காரைத் திருப்பும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. திரிந்த பால், அழுகிய வாழைப்பழம், பழைய நெய். மண்மேல் மஞ்சளாக ஓர் ஏடு. அதில் ஏதோ ஒரு பிராணி இரவில் வந்து புரண்டுவிட்டுப் போன தடம். பட்டுத்துணியில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். மரத்தின் பட்டை நெடுக வெடித்து, உள்ளே கறுத்திருந்தது. என் சட்டையிலும் அந்த வாடை ஏறிக்கொண்டது. வீட்டுக்குப் போய் இரண்டு தடவை குளித்தேன்.

ஏப்ரலில் கட்டுப் பிரிக்க வந்த பிலோமினா ஒன்றும் சத்தம் போடவில்லை. கிளை கிளையாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்: "மேலே போச்சு. வேர் இருக்கலாம். இந்த ஜாதி மரம் சில சமயம் வேர்லேர்ந்து துளிர்க்கும். ஜூலை வரைக்கும் தோண்டாம இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இனி சனிக்கிழமைக் கூட்டம்.

ஜெயபிரகாஷ் கொண்டுவந்த கடிதத்தில் இருந்தது இது: வெளியார் ஒருவர் தார்க்காகிதத்தால் முறையின்றிக் கட்டியதில் காற்றில்லாமல் மரம் அழுகிவிட்டது. மரம் மிகப் பழையது. நோய் பரப்பும் நிலையில் உள்ளது. வேரோடு அகற்ற அனுமதி வேண்டும். பாதுகாப்பு கருதி அந்த நபர் இனி வளாகத்துக்குள் வராதிருக்க ஏற்பாடு செய்யவேண்டும்.

நான் இரண்டு முறை படித்தேன்.

"படிச்சேளா கந்தசாமி சார்? ஒரு கையெழுத்து, அப்புறம் கேசரி" என்றார் பிச்சுமணி.

"இதுல பாலைப் பத்தி ஒண்ணும் இல்லீங்களே."

"பால்ல என்ன சார் இருக்கு?" என்றார் ஜெயபிரகாஷ். "ஃபுல்லா ஆர்கானிக்தான் வாங்கினோம்."

"ஆர்கானிக்கோ என்னவோ, அன்னிக்கு ராத்திரி பத்து டிகிரிங்க."

"கைலாசத்துல இதைவிடக் குளிர். சுவாமி உக்காந்துண்டிருக்கலையா?" என்றார் அனந்தலக்ஷ்மி, கேசரியின் மேல் ஃபாயிலைச் சரிசெய்தபடி.

"சுவாமி உக்காந்திருக்காருங்கம்மா. அத்தி மரம் அங்க இல்லை."

குருக்கள் மட்டும் தொண்டையைக் கனைத்தார். "நான் அன்னிக்கே சொன்னேன். ஒரு துளி தீர்த்தம் தெளிச்சு ப்ரோக்ஷணம் பண்ணினாப் போறும்னு. கிராண்டா வேணும்னுட்டா."

"குருக்கள்வாள், உங்களை யாரும் கேக்கலை" என்றார் பிச்சுமணி. குருக்கள் ஓடாத ஹீட்டரைப் பார்த்துக்கொண்டார்.

ஷ்யாமளா என் பக்கம் சாய்ந்தாள். "அங்கிள், டோன்ட் மிஸ்டேக் மீ. மலர்ல சுயம்புன்னு பிரிண்ட் ஆயிடுச்சு. சுயம்பு செத்துப்போச்சுன்னு நான் எங்க அங்கிள் போடறது?"

"சிம்பிள் சார்" என்றார் ஜெயபிரகாஷ். "நர்சரில எட்டடி உயரத்துக்கு ஒரு அத்தி பாத்து வெச்சிருக்கேன். பர்மிஷன் வந்த அன்னிக்கே பழசைப் புடுங்கறோம், புதுசை நடறோம். அதே ஸ்பாட். கும்பாபிஷேகத்துக்கு வர்றவங்களுக்கு எந்த மரம்னு எப்படி சார் தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரியுமே."

"அதனாலதான் லாஸ்ட் பாயின்ட் போட்டிருக்கு. அவங்க உள்ள வராம."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குறுகுறுப்புகூட இல்லை. லாட்டில் கோடு போடுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால், பயமாயிருக்கிறது சார் என்று சொல்லியிருந்தால், எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

"ஜூலை வரைக்கும் வேரை விடச் சொல்றாங்க. அதைத் தவிர வேற ஒண்ணும் கேக்கலீங்க" என்றேன்.

பிச்சுமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாசல்ல பட்ட மரத்தை வெச்சுண்டு கும்பாபிஷேகமா? நாலு பேர் என்ன சொல்லுவா? உண்மையை எழுதினா நிபந்தனையை மீறினோம்னு சிட்டிக்காரன் பர்மிட்டை நிறுத்துவான். கோவிலே நின்னு போகும். உங்க ஒருத்தரோட நேர்மைக்கு எத்தனை பேர் பலி? அந்த லேடிக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கோ. அவாளுக்கு வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு. ஒரு மரம்."

"கொன்னது அவங்கன்னு எழுதியிருக்குதுங்களே."

"கொன்னதுன்னு எங்க இருக்கு? முறையின்றின்னு இருக்கு. சாஃப்டாத்தானே போட்டிருக்கு?"

அப்போது காற்றடித்துக் கண்ணாடிக் கதவு கொஞ்சம் திறந்துகொண்டது. வெளியிலிருந்து அந்தப் பழைய பால் வாடை உள்ளே வந்தது. மே மாத வெயிலிலும் அது இன்னும் போகவில்லை. அனந்தலக்ஷ்மி மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "சீ, அந்த மரத்தோட நாத்தம்" என்றார். மரத்தின் நாற்றமாம். பிறகு அதே கையால் ஒரு கரண்டி கேசரியைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தார். கேசரியின் ஓரத்தில் நெய் வழிந்து தட்டில் பரவிக்கொண்டிருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது, சாப்பிடுவதற்கல்ல.

"என் கையெழுத்து வேணும்னா எழுத்தும் என்னோடதா இருக்கோணுங்க" என்றேன்.

"தாராளமா எழுதிண்டு வாங்கோ" என்றார் பிச்சுமணி. "ஆனா இதையே எழுதுங்கோ. வியாழக்கிழமை சிட்டிக்காரா கூடறா. புதனுக்குள்ள போய்ச் சேரணும்."

தட்டைத் தொடாமல் வெளியே வந்தேன்.

பிலோமினா நாற்காலியிலேயே இருந்தார். முடிவு என்ன என்று கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

"உன்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு" என்றார். "ஆறு தெருவையும் இடிக்கறதுக்கு முன்னாடி சிட்டிக்காரங்க ஜனங்களோட சம்மதம்னு ஒரு கடுதாசி காட்டினாங்க. எங்க வீடெல்லாம் வசிக்கத் தகுதியில்லாத வீடு, நாங்களே ஒத்துக்கறோம்னு. எங்க தெருச் சங்கத்தோட செக்ரட்டரி கையெழுத்துப் போட்டிருந்தார். மிஸ்டர் ஆல்ட்டியேரி. புது ஸ்டோர்ல மேனேஜர் வேலை தர்றோம்னு சொல்லியிருந்தாங்க."

"கெட்ட மனுஷரா?"

"இல்லை. எழுதத் தெரிஞ்ச மனுஷர். எங்க அப்பாவுக்கு இத்தாலிக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கறதே அவர்தான். அதுக்கப்புறம் அப்பா அவர் முகத்துலயே முழிக்கலை. ஸ்டோர் திறந்ததும் அவரைச் செருப்பு செக்‌ஷன்ல போட்டாங்க. மேனேஜர் இல்லை. அளவு பாக்கற வேலை."

அவர் என்னை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மரத்தின் அடியில் மண்ணோடு சேர்ந்த இடத்தில் நகத்தால் சுரண்டினார். நானும் குனிந்தேன். கறுத்த பட்டைக்குக் கீழே ஒரு நூலளவு ஏதோ பச்சையாக இருந்தது.

"உயிர் இருக்குதுங்களா?"

"பாசியா இருக்கலாம். உங்க பாலுக்கு எல்லாமே முளைக்கும் இங்கே." கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். "இதை எழுதாதே. தெரிஞ்சதை மட்டும் எழுது."

வீட்டுக்கு வந்து வள்ளியிடம் நடந்ததைச் சொன்னேன். வள்ளி என் மனைவி. சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, இந்த ஊர்ல நமக்குன்னு யாரு இருக்கறாங்க? பையன் டெக்சாஸ்ல. எனக்கு ஆபரேஷன் ஆனப்ப மூணு வாரம் சோறு கொண்டாந்தது யாரு? அந்த அனந்தலக்ஷ்மியம்மாதானுங்களே."

"ஆமா."

"நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா வாசப்படி மிதிக்க ஆளு வேணுமில்லீங்க. நீங்க அரிச்சந்திரனாட்டம் கெளம்பிட்டீங்கன்னா..."

"எழுதட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லு."

"நான் சொல்லித்தான் நீங்க எதையாச்சும் எழுதியிருக்கறீங்களாக்கும்" என்றாள். வெங்காயக் கண்ணீரை முழங்கையால் துடைத்தாள். அவள் சொன்னது எல்லாம் உண்மை. அந்தச் சோற்றைச் சாப்பிட்டவன் நான். நல்ல சோறு. கட்டைப் பிரித்து வாளியைக் குப்பையில் போடவைத்ததும் அதே அம்மாதான் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே வயிற்றில்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க எழுதினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: முதலில் யார் யார், எங்கே, எப்போது, பிறகு நடந்தது, பிறகு கேட்பது. கோபத்தை எழுதுவதில்லை. மரத்தை நட்டவர் யார் என்று எழுதினேன். ஹாலோவின் ஆறு தெருவுக்கும் பெயர் எழுதினேன். மலரில் இடமில்லாதவர்களுக்கு இதில் இடம் இருந்தது. நவம்பரில் கட்டியது பிலோமினாவும் நானும், முறைப்படி. பூசத்தன்று பிரித்தது எங்கள் கமிட்டி. ஊற்றியவை இன்னின்ன. அன்றிரவுக் குளிர் இவ்வளவு. ஏப்ரல் வரை யாரும் தொடமாட்டார்கள் என்று கமிட்டி சார்பில் நான் அவருக்கு எழுதிக்கொடுத்திருந்தேன். அந்த உறுதியை நாங்கள் காப்பாற்றவில்லை. வேரில் உயிர் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஜூலை முடியும்வரை தோண்ட அனுமதிக்க வேண்டாம் என்றும், பிலோமினா சாந்தோரோ எப்போதும்போல் வந்துபோகத் தடை வரக்கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். கோவிலின் பர்மிட்டை இதற்காக நிறுத்த வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அது கமிட்டிக்காக அல்ல. குருக்களுக்கும், கும்பிட வருகிறவர்களுக்கும்.

கையெழுத்துக்குக் கீழே கடிதப் போக்குவரத்துச் செயலாளர் என்று போட்டேன். இந்தக் கடிதம் போய்ச் சேரும்வரை நான் அதுதான். நகல்: சேர்மன் பிச்சுமணி.

வள்ளி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்று படித்தாள். இங்கிலீஷ் அவளுக்கு மெதுவாகத்தான் ஓடும். கடைசி வரிவரை நின்றாள்.

"சேர்மனுக்கு வேற அனுப்பறீங்களா? தெரியாமயே போகட்டுமேங்க."

"அப்படி எழுதினா அது மொட்டைக் கடுதாசி."

உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சலவை மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "சனிக்கிழமை போட்ட சட்டைங்க. இன்னும் அந்த மோர் நாத்தம் போகமாட்டேங்குது" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை போஸ்ட் ஆபீஸ் திறந்ததும் போனேன். கவுன்ட்டர் முன்னால் நின்று கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பழைய வகை உறை. நாக்கால் தடவித்தான் ஒட்ட வேண்டும். தடவினேன். பசை புளிப்பும் கசப்புமாக, அந்த லாட்டின் மண்ணை நக்கியது போலிருந்தது. கட்டைவிரலால் ஓரத்தை இழுத்து இழுத்து அழுத்தினேன். சேர்மனுக்கான உறையையும் அப்படியே ஒட்டினேன்.

"எக்ஸ்பிரஸா?" என்று கேட்டார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"புதன்கிழமைக்குள் போக வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இரண்டும்."

அவர் இரண்டு உறைகளையும் எடையில் வைத்தார், முத்திரை குத்தினார், பின்னால் இருந்த தொட்டிக்குள் திரும்பிப் பார்க்காமல் போட்டார். ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

துப்புவதற்கு ஓர் இடம் தேடிக்கொண்டு வெளியே வந்தேன்.